வயது முதிர்ந்த நாயை வீட்டுக்கு அழைத்து வருவது தகுமா? ‘தகும்’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே, கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் கிருஷ்ணகிரிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

காப்பகத்தில் இருக்கும் வயது முதிர்ந்த நாயை வீட்டுக்கு அழைத்து வருவது தகாது என்பதற்கு, எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா மூன்று காரணங்களைச் சொன்னார். வந்த வேகத்தில் செத்துப்போய் நம்மை அழவைக்கும். இருக்கும் வரை செலவு வைக்கும். பழைய பழக்கத்தை விடாது. முடிவில், ‘இரக்கம் வேறு, குடும்பம் நடத்துவது வேறு’ என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். நடுவர் அவர்களே, அந்தக் கைதட்டலில் என்னுடையதும் உண்டு. இரக்கத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் முதிய நாய் பொருத்தம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

மாங்கன்றைப் பற்றி இந்த மாவட்டத்தாருக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. செந்தூரா ரகம் என்று நம்பி நட்டு, நான்கைந்து ஆண்டு தண்ணீர் ஊற்றி, காய் பிடிக்கும்போது பார்த்தால் கிளிமூக்கு ரகமாக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மரம் ஒன்று எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. நாய்க்குட்டியும் அத்தகையதுதான். தெருவோரத்தில் கிடந்த ஒன்றரை மாதக் குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வரும்போது, அது எவ்வளவு உயரம் வளரும், அந்நியரைக் கண்டால் குரைக்குமா கடிக்குமா, கோழியைத் துரத்துமா, ஆட்டுக்குட்டியோடு ஒத்துப்போகுமா என்பதில் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஏழு வயது நாயிடம் இவை அனைத்தும் கண்ணெதிரே இருக்கின்றன; பார்க்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காப்பகத்துக்கு ஒருமுறை போய், வாலாட்டியதைக் கண்டு மயங்கி அழைத்து வந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று முறை, வெவ்வேறு வேளைகளில் போக வேண்டும். சோற்றுத் தட்டில் வாய் வைத்திருக்கும்போது அருகில் ஆள் வந்தால் உறுமுகிறதா, பக்கத்துக் கூண்டில் சண்டை நடக்கும்போது என்ன செய்கிறது, பின்னங்காலையும் காதையும் தொட்டால் பொறுத்துக்கொள்கிறதா, சங்கிலி பிடித்து வெளியே நடத்தினால் இரு சக்கர வண்டிச் சத்தத்துக்கு மிரள்கிறதா என்று கவனிக்க வேண்டும். காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை முடிந்தது என்பதற்கு அது அடையாளம். வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, உண்ணிக்காய்ச்சல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு, ‘வேண்டாம்’ என்று தோன்றினால் வேண்டாம் என்றே வந்துவிடலாம். அதில் பாவம் ஏதுமில்லை. கடித்த வரலாறு உள்ள நாயைத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லி நான் வாதாடமாட்டேன். அந்த அளவுக்கு எதிரணி ஐயாவோடு உடன்படுகிறேன்.

இப்போது அவருடைய முதல் காரணத்துக்கு வருகிறேன். நடுத்தர உடல்வாகுள்ள நாய்களை ஏழெட்டு வயதுக்கு மேல் முதியவை என்பார்கள். கவனிப்புள்ள வீட்டில் 12, 14 வயது வரை வாழும் நாட்டு நாய்களும் உண்டு. ஆக, ‘வந்த வேகத்தில்’ என்பது மிகை. அதற்கு மேலும் ஒன்று. குட்டி நிச்சயம் நீண்ட நாள் இருக்கும் என்று யார் சொன்னது? ஆறேழு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை தவணை தவறாமல் ஊசி போடாத குட்டிகளைப் பார்வோ என்னும் கிருமி இரத்தபேதியாக்கிச் சில நாட்களில் கொண்டுபோய்விடுகிறது. மழை நாளில் பள்ளிப் பிள்ளை சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த குட்டி, அந்த வாரமே கொல்லையில் புதைக்கப்பட்ட வீடுகள் இந்த அவையிலேயே சில இருக்கும்.

குட்டி நீண்ட நாள் வாழ்ந்தாலும் சிக்கல் தீருவதில்லை. நம் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட, வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒரு குட்டியை எடுத்தால், அது முறுக்கோடு சங்கிலியை இழுக்கும் வயதில் அவர் கைத்தடி ஊன்றியிருப்பார். அது தள்ளாடும் காலத்தில் அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். அந்த நாயின் கடைசிக் காலத்தை யார் தலையில் வைப்பது? எட்டு வயது நாயோ திண்ணையில் அவர் காலடியில் படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் தெருமுனை வரை அவர் நடக்கும் வேகத்திலேயே நடக்கும். அதற்கு மிஞ்சிய ஆண்டுகளும் அவரால் பார்த்துக்கொள்ளக் கூடிய ஆண்டுகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

செலவைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வெறிநோய் ஊசியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் எல்லா நாய்க்கும் உண்டு. முதிய நாய்க்குப் பல் காரையும் மூட்டு வலியும் கண்புரையும் கூடுதலாக வரும், மறுக்கவில்லை. ஆனால் குட்டிக்கான தொடர் ஊசிகளும் கருத்தடை அறுவையும் அதற்குப் பெரும்பாலும் இல்லை. செலவைவிட நான் அஞ்சுவது நம் கைவைத்தியத்தைத்தான். மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். வெங்காயம் மிதக்கும் சாம்பார்ச் சோறும் ஆகாது, இரத்த அணுக்களை அழிக்கும்.

மூன்றாவது காரணமான பழக்கத்துக்கு எங்கள் வீட்டுக் கதையைத்தான் சாட்சியாக வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயது மதிக்கத்தக்க செவலை நாய் ஒன்றை அழைத்து வந்தோம். என் அத்தை, அதாவது மாமியார், ‘கிழ மாட்டை யாராவது சந்தையில் பணம் கொடுத்து வாங்குவார்களா’ என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செவலையும் யாரோடும் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. வைத்த களியை வீடு உறங்கிய பிறகே தின்றது. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அதை எவர் எதனால் அடித்தார்களோ, நமக்குத் தெரியாது. பயம் தணிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று மீட்புப் பணி செய்வோர் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை அத்தை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது, அது தானாக வந்து இரண்டு முழம் தள்ளிப் படுத்தது. அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, புடைப்பதை நிறுத்தவுமில்லை. பழக்கம் மாறாது என்றால், நடுவர் அவர்களே, அன்று மாறியது எது?

எதிரணியில் ஒருவர், ‘பிடிக்காவிட்டால் தெருவில் விட்டுவிடலாம்தானே’ என்று இடையில் கேட்டார். விட முடியாது. போதிய காரணமின்றி விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் பிறப்பித்த ஆணையும், விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்று சொன்னதோடு, அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. தூக்கி எறிய முடியாத பொருளை உற்றுப் பார்த்துத்தானே வாங்குவோம்? உற்றுப் பார்க்க வாய்ப்புத் தருவது வளர்ந்த நாய்தான்.

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டைக் காலபைரவரிடம் நம் மாவட்டத்திலிருந்தும் கூட்டம் போகிறது. அவருடைய வாகனத்துக்கு மட்டும் வீட்டு வாசலில் இடமில்லை. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் இறந்த வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. அது குட்டியாக இருந்திருக்காது என்பது என் துணிபு.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துவிடுகிறேன். செவலை எங்களோடு இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் இருந்தது. சிறுநீரகம் பழுதாகி, சென்ற ஐப்பசியில் போய்விட்டது. அழுதோம், எதிரணி ஐயா சொன்னது போலவே. அது படுத்த சாக்கை எடுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் அத்தை அதை உதறி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். ‘ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போகும்போது என்னையும் கூப்பிடு, கோழி துரத்துமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்’ என்றார். நன்றி, வணக்கம்.