பச்சை மாறாத கொத்தமல்லிக் காரச் சட்னி

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரிப் பக்கம் கொத்தமல்லி அறுக்கிற நேரத்தில் பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியாகவே வாசம் ஏறும். விதைத்த 40, 45 நாளில் அறுப்புக்கு வந்துவிடுகிற பயிர். விலைதான் ஒரு நிலையில் நிற்காது. ஒரு வாரம் ஒரு கட்டுத் தழையைக்கூட விலை கேட்டுத் தொட முடியாது. இன்னொரு வாரம் அறுப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று தோட்டத்தோடு விட்டுவிடுவார்கள். தழை மலிந்து கிடக்கிற அந்த மாதிரி வாரத்துக்கான சரக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இட்லிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு அரைக்கிற வெளிர்பச்சைச் சட்னியை நான் சொல்லவில்லை. அதில் கொத்தமல்லி ஒப்புக்கு இருக்கும். நான் சொல்வது தழையே பெரும்பங்காக, காரம் தூக்கலாக, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பச்சைச் சட்னி. வதக்கவே கூடாது. கொத்தமல்லியின் மணம் சூடு பட்டால் பறந்துவிடும். வதக்கி அரைத்தால் துவையல் கிடைக்கும்; அதன் ருசி வேறு.

வீட்டில் அரைத்தவர்கள் பெரும்பாலும் சொல்கிற குறை, அரைக்கும்போது பச்சையாக இருந்தது, சாப்பிட உட்காரும்போது கறுத்துவிட்டது என்பது. இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்றுகொள்ளும். நிறம் பாசியும் பழுப்புமாக மங்கிவிடும். போதாததற்கு, நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போல, நசுங்கிய இலையும் காற்றுப் பட்டுக் கறுக்கும். மிக்ஸியை மூன்று நிமிடம் விடாமல் ஓட்டிவிட்டு ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டைக் குறைத்து, புளிப்பைக் கடைசிக்குத் தள்ளினால் பாதி வேலை முடிந்தது.

புளி நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் சரக்குதான், இருந்தாலும் இதற்கு வேண்டாம். எலுமிச்சைதான் பொருத்தம், அதையும் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள்.

தழை வாங்கும்போது தண்டை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். டக்கென்று ஒடிய வேண்டும். பூ வைத்த கட்டு கசக்கும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கழுவும்போது அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பித் தழையை அமுக்கி அலசி, கையால் மேலே தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் தழையில் ஏறும். துணியில் பரப்பி அரை மணி நேரம் உலர விடுங்கள். இலையில் நிற்கிற ஈரமே சட்னியை நீர்க்கச் செய்துவிடும்.

இலையை மட்டும் ஆய்ந்துகொண்டு தண்டைக் குப்பையில் போடுகிறவர்களை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இளந்தண்டில் நல்ல மணமும் சாறும் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் வேரையும் விடுவதில்லை, கழுவி இடித்து மசாலாவில் சேர்க்கிறார்கள்.

இனி அளவு. 100 கிராம் தழைக்குப் பச்சை மிளகாய் 6, பூண்டு 6 பல், சின்னத் துண்டு இஞ்சி, அரை டீஸ்பூன் சீரகம், முக்கால் டீஸ்பூன் கல் உப்பு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை இரண்டு டேபிள்ஸ்பூன், கடலெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். தேங்காய்க்குப் பதில் நிலக்கடலை போடுவதால் கெட்டித்தன்மை வரும், சீக்கிரம் ஊசிப்போகாது.

மிக்ஸியில் சின்ன ஜாரை எடுங்கள். முதலில் கடலை, சீரகம், உப்பு மூன்றையும் தண்ணீர் விடாமல் பொடியுங்கள். அடுத்து பூண்டு, இஞ்சி, மிளகாய். இவை முழுக்க மசிந்த பிறகுதான் தழை. தண்டை ஒரு அங்குலத்துக்கு நறுக்கிக் கீழே போட்டு, இலையை மேலே வையுங்கள். எண்ணெயும் மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீரும் ஊற்றி, குமிழைத் திருப்பித் திருப்பி, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடக்கத்தில் பிளேடு வெறுமனே சுற்றும். உடனே தண்ணீரைச் சாய்க்காமல், மூடியைத் திறந்து கரண்டியால் கீழே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். அம்மி இருக்கிற வீட்டுக்காரர்கள் அதிலேயே அரையுங்கள். கைதான் வலிக்கும், சட்னி சூடேறாது.

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சதையில்தான் அது அதிகம். காரம் குறையவேண்டுமானால் அதைக் கீறி எடுத்துவிடுங்கள். கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள், காரம் எண்ணெயில்தான் கரையும். வாய் எரிந்தாலும் தண்ணீரைவிட ஒரு வாய் தயிர் நல்லது.

ஏமன் நாட்டிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு, ஸஹாவக் என்று பெயர். பச்சையாகச் செய்வதில் கொத்தமல்லி, பச்சை மிளகாய், பூண்டு, சீரகத்தோடு ஏலக்காயும் சேர்ப்பார்கள். அங்கிருந்து குடிபோன யூதர்கள் வழியாக இஸ்ரேலிலும் பரவிவிட்டது. நம் அளவுக்கு ஒரே ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் போதும். ஆட்டுக்கறி வறுவலோடு வைக்கும்போது மட்டும் நான் போடுவேன்.

தொட்டுக்கொள்ள எது பொருத்தம் என்றால், நம் பக்கத்துக்கு ராகிக் களிதான். உருண்டையின் நடுவில் விரலால் குழி செய்து, இதில் ஒரு கரண்டி வைத்து, மேலே எலுமிச்சை நாலு சொட்டு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பார்கள். அப்படி வழுக்கிக்கொண்டு இறங்குகிற உருண்டைக்கு இந்தக் காரமும் மணமும் கூடவே போகும். ஒகேனக்கல்லில் பரிசல் விட்டு இறங்கிச் சாப்பிடுகிற மீன் வறுவலுக்கும் ஒரு டப்பாவில் எடுத்துப் போகலாம். தயிரில் கரைத்தால் பிரியாணிக்கு ஆகும்.

மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் விட்டிருக்கிறதே, ஊறுகாய் மாதிரி கெடாது என்று வெளியில் வைத்துவிடாதீர்கள். பச்சைப் பூண்டு காற்றுப் படாமல் எண்ணெய்க்குள் கிடந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதிக நாள் வேண்டுமென்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள், வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்த டிரேயை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாம்பழ சீசனில் விருந்தாளிக்குக் கொடுக்கிற ஜூஸில் பூண்டு மணக்கும்.

வணக்கம்.