தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

(கோவையில் பயண ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று சிலர் கேட்டதால், பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வான்கூவர் நகரம் வான்கூவர் தீவில் இல்லை. நகரம் கனடாவின் மேற்கு ஓரத்தில் நிலப்பகுதியில் இருக்கிறது, தீவு அதற்கு எதிரே பசிபிக்கில் நீளமாகப் படுத்திருக்கிறது. தீவின் தென்முனையில் இருக்கும் விக்டோரியாதான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைநகரம். பையனையோ பெண்ணையோ பார்க்கக் கனடா போகிற நம்மவர்கள் பலரும் "தீவுக்கும் போய் வந்தோம்" என்பார்கள். விசாரித்தால் காலையில் கப்பல் ஏறி, பூந்தோட்டம் பார்த்து, துறைமுகத்தில் நின்று படம் எடுத்து, ராத்திரி படுக்கைக்குத் திரும்பியிருப்பார்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீவு சுமார் 460 கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு வருவதுதான் இது.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். வான்கூவர் நகருக்குத் தெற்கேயுள்ள சுவாசன் துறையிலிருந்து தீவின் ஸ்வார்ட்ஸ் பே துறைக்கு 1 மணி 35 நிமிடம். கார், லாரி, பஸ் எல்லாம் கீழ்த்தளத்தில் ஏறிவிடும். நீங்கள் மேலே வந்து, தயவுசெய்து உள்ளே சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள். நடுவழியில் கலியானோ, மேய்ன் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே ஆக்டிவ் பாஸ் என்றொரு ஒடுங்கிய வழி வரும். அவ்வளவு பெரிய கப்பல் அதற்குள் வளைந்து வளைந்து போகும்போது இரண்டு பக்கமும் கரையிலுள்ள வீட்டு ஜன்னல்கள் தெரியும், எதிரே வரும் கப்பலுக்கு எச்சரிக்கையாக ஒரு நீண்ட ஊதல் கிளம்பும், காதைப் பொத்திக்கொள்ளலாம். பயணச்சீட்டுக் காசு அந்தச் சில நிமிடத்துக்கே சரியாகப் போய்விடும்.

விக்டோரியாவின் உள்துறைமுகம் படங்களில் நீங்கள் பார்த்ததுதான். ஒரு பக்கம் சட்டமன்றக் கட்டடம், இரவானால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகள் அதன் விளிம்பெல்லாம் எரியும். இன்னொரு பக்கம் எம்ப்ரஸ் ஹோட்டல். நடுவில் தண்ணீரில் இறங்கி ஏறும் கடல்விமானங்கள், டாக்ஸி ஸ்டாண்டில் ஆட்டோ வந்து போகிற சுலபத்தில் வந்து போகும். இந்த இரண்டு கட்டடங்களையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், பிரான்சிஸ் ராட்டன்பரி. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய கையோடு, இருபத்தைந்து வயதில், சட்டமன்றக் கட்டடத்துக்கான போட்டியில் ஜெயித்தார். கட்டடம் 1898இல் திறக்கப்பட்டது, ஹோட்டல் 1908இல். கடைசியில் இங்கிலாந்துக்கே திரும்பிப் போய், 1935இல் மனைவியின் காதலனான வீட்டு டிரைவர் பையனால் அடித்துக் கொல்லப்பட்டார். அது தனிக் கதை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஹோட்டல் நிற்கிற இடம். அது முன்பு நிலமே இல்லை. கடல் உள்ளே வந்து போகிற சேற்றுப் பரப்பு, ஊர்க் குப்பை கொட்டுகிற இடம், நாற்றம் வேறு. சுவர் எழுப்பித் தண்ணீரைத் தடுத்து, மண்ணை நிரப்பி, ஆழமாக மரத்தூண்களை அடித்து இறக்கி அதன்மேல் ரயில்வே கம்பெனி கட்டிய ஹோட்டல் அது. அதற்கும் முன்னால், 1843இல் ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிகக் கம்பெனி கோட்டை கட்ட வந்தபோது, இந்தக் கரையெல்லாம் லெக்வங்கன் என்ற பூர்வகுடி மக்களுடையது. காமாஸ் என்ற நீலப்பூச் செடியின் கிழங்குக்காகப் புல்வெளிகளைப் பருவம் பார்த்து எரித்துப் பராமரித்தவர்கள் அவர்கள். "பூங்கா போல இருக்கிறதே" என்று வெள்ளைக்காரர்கள் வியந்தது இவர்கள் செய்துவைத்த வேலையைப் பார்த்துத்தான். நான் சொல்ல வந்ததே இதுதான்: அந்தத் தீவில் "இயற்கை அழகு" என்று நாம் போனை நீட்டுகிற இடத்திலெல்லாம் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் யாரோ எதையோ செய்யவிடாமல் தடுத்திருக்கிறார்கள்.

கோடையில் சாயங்காலமானால் ஊருக்குள் திடீரென்று கூட்டம் நிரம்பும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்கள். அவை ஏன் இங்கே நிற்கின்றன தெரியுமா? 1886ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆட்களை ஏற்றி இறக்கிச் சுற்றிவர முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும். அதற்கு விக்டோரியா வாகாக இருக்கிறது. அதனால் ஊர் சுற்ற நினைப்பவர்கள் காலையிலேயே சுற்றிவிடுங்கள். கனடாவின் மிகப் பழைய சைனாடவுன் இங்கேதான், 1858 தங்க வேட்டைக் காலத்தில் வந்தவர்களுடையது. அதில் ஃபேன் டான் என்ற சந்து ஓரிடத்தில் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. கூட்டம் வந்தபிறகு அதற்குள் நுழைவது வீண்.

துறைமுகத்தை அடுத்து எஸ்குவைமால்ட் கடற்படைத் தளம். தமிழர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் வர முடியாது. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ என்ற சரக்குக் கப்பலில், 49 குழந்தைகள் உட்பட 492 ஈழத்தமிழர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அங்கேதான். பசிபிக்கைக் கடந்து வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். சுற்றுலாப் பலகை எதுவும் இதைச் சொல்லாது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். புட்சார்ட் தோட்டம், நன்றாகத்தான் இருக்கும், போங்கள். ஆனால் போனதும் ரோஜாவைத் தேடி ஓடாமல், பள்ளத் தோட்டத்தின் மேல் விளிம்பில் நின்று சுவர்களைப் பாருங்கள். அது சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழி. 1904இல் ஆலை தொடங்கிய ராபர்ட் புட்சார்ட்டின் மனைவி ஜென்னி, கல் தீர்ந்த குழியை அப்படியே விட்டுவிடாமல், குதிரை வண்டிகளில் மண் கொண்டுவந்து கொட்டித் தோட்டமாக்கினார். செங்குத்தான பாறைச் சுவர் அசிங்கமாகத் தெரிகிறதே என்று, கயிற்றில் கட்டிய பலகையில் தானே உட்கார்ந்து தொங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் ஐவிக் கொடியைச் செருகினாராம். ஆலையின் புகைபோக்கி ஒன்று இன்னும் மரங்களுக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் கல் வெட்டியவர்கள் யார்? சீனர்கள், அப்புறம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள். அவர்கள் குடியிருந்த டாட் இன்லெட் என்ற கடற்கழி பக்கத்திலேயே இருக்கிறது, காட்டுப் பாதையில் இறங்கி நடந்தால் போய்விடலாம், கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. தோட்டத்தையும் அதையும் ஒரே நாளில் பார்த்தால்தான் கணக்கு நேராகும் என்பது என் கட்சி.

இனிமேல்தான் தீவு. விக்டோரியாவிலிருந்து மேற்குக்கரை டோஃபினோ ஊருக்கு 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், காரில் ஐந்து மணி நேரமாவது வையுங்கள். கோவைக்காரர்களுக்கு மழை மறைவு பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் நமக்குச் சாரல்தான். அங்கேயும் அதே கதை. பசிபிக் காற்று தீவின் நடு மலைகளில் மோதி மேற்கே எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்குத் தெற்கே அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைகளும் விக்டோரியாவை மறைக்கின்றன. விக்டோரியாவில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை, டோஃபினோவில் 3000க்கு மேல். ஒரே நாள் காரோட்டத்தில் காய்ந்த புல்லும் ஓக் மரமும் மாறி, பாசி தொங்கும் மழைக்காடு வந்துவிடும்.

வழியில் கதீட்ரல் குரோவ் என்ற காடு. சாலையின் இரண்டு பக்கமும் டக்ளஸ் ஃபர் மரங்கள், பெரியவற்றுக்கு 800 வயது, அடிமரச் சுற்றளவு 9 மீட்டர். 1997 புத்தாண்டு நாள் புயலில் விழுந்தவை அப்படியே கிடக்கின்றன, அவற்றின் முதுகில் புதுக்கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கும். இந்தக் காட்டை மக்களின் நெருக்குதலால் 1944இல் அரசுக்குக் கொடுத்தவர் மர வியாபாரி மேக்மில்லன். நல்ல மனுஷன் என்று தோன்றும். அவர் வளர்த்த கம்பெனியின் வாரிசான மேக்மில்லன் ப்ளோடெல்தான் நாற்பது வருடம் கழித்து, 1984இல், டோஃபினோவுக்கு எதிரே உள்ள மியர்ஸ் தீவின் மரங்களை வெட்டக் கிளம்பியது. அந்தத் தீவுக்குரிய ட்லா-ஓ-குவி-ஆட் மக்கள் அதைத் தங்கள் பூங்கா என்று அறிவித்து, கரையில் வரிசையாக நின்று, வந்தவர்களை வரவேற்றார்கள்! சுற்றிப் பார்க்கலாம், சாப்பிடலாம், மரம் அறுக்கும் மெஷினை மட்டும் படகிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மறுவருடம் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. 1993இல் அந்தக் கடற்பகுதி முழுக்கப் போராட்டம் வெடித்து, எண்ணூறு பேருக்கு மேல் கைதானார்கள்.

இன்று டோஃபினோ துறையில் படகு பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மியர்ஸ் தீவு. செடார் மரத்தைப் பிளந்து போட்ட பலகை நடைபாதை, மழை ஈரத்தில் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். போகப் போக ஒரு செடார், மரமென்று சொல்லவே வராது, அதன் உடம்பிலிருந்தே பெரணியும் புதரும் வேறு மரக்கன்றுகளும் கிளம்பி, எது தாய் எது ஒட்டு என்று தெரியாமல் நிற்கும். கையை வைத்தால் பட்டை நார்நாராக, உலர்ந்து, சற்றே வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த நாரில்தான் அந்த மக்கள் பாய், கூடை, கயிறு, தொப்பி எல்லாம் செய்தார்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் உரித்துக்கொண்டு மரத்தை உயிரோடு விட்டுவிடுவார்கள். உரித்த தழும்போடு நிற்கும் பழைய மரங்கள் அந்தக் கரையோரக் காடுகளில் இன்னும் இருக்கின்றன.

டோஃபினோவில் சாலையோரம் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும், பயமுறுத்த வைத்ததில்லை. 1700 ஜனவரி 26 இரவு, அந்தக் கரைக்கு வெளியே கடலடித் தட்டு நழுவி, சுமார் 9 அளவுக்கு ஒரு நிலநடுக்கம். தேதி எப்படித் தெரியும் என்றால், அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பானில் போய் மோதியதை, நிலம் அதிராமலே வந்த அலை என்று ஜப்பான்காரர்கள் தேதியோடு எழுதி வைத்திருந்தார்கள். தீவின் மேற்குக்கரையிலுள்ள பச்சினா விரிகுடாவில் ஒரு கிராமமே ஓர் இரவில் போன கதையை அங்குள்ள பூர்வகுடிகளான ஹூ-ஏ-ஆட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். விஞ்ஞானிகள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க 1990கள் ஆகிவிட்டது. 2004ஐப் பார்த்த நமக்கு அந்தப் பலகையைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

கேள்வி நேரத்தில் கேட்டவை. எப்போது போகலாம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. புயலலை பார்க்கவென்றே நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை மேற்குக்கரைக்கு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் வேறு ரகம். கார் இல்லாமல் முடியுமா? விக்டோரியா மட்டுமென்றால் ஸ்வார்ட்ஸ் பேயிலிருந்து 70ஆம் நம்பர் டவுன் பஸ் போதும். மேற்குக்கரைக்குக் கார் வேண்டும், கோடை வார இறுதியில் கப்பலுக்கு முன்பதிவும் வேண்டும். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று ஓர் அம்மா கேட்டார். விக்டோரியாவில் கவலையே இல்லை. டோஃபினோவில் விலையைப் பார்த்தால் பசி போய்விடும், ஒரு சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கையோடு எடுத்துப் போங்கள்.