கூரையைக் கொடுத்த முதலாளி

வணிகப் பெருமக்களே, நண்பர்களே,

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் ஜூஜிரோ மாட்சுடாவுக்கு எழுபது வயது நிறைந்த நாள். விடிந்ததும் நகருக்குள் போய் முடி திருத்திக்கொண்டு வெளியே வந்திருந்தார். காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தது. அவர் பிழைத்தார், அவருடைய மகன் ஒருவர் மாண்டார்.

மாட்சுடா மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப் பட்டறையில் தொழில் கற்றவர். பிறகு சொந்த ஊர் திரும்பி, தக்கை செய்யும் நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அதுதான் டோயோ கோக்யோ. 1931இல் அங்கிருந்து மூன்று சக்கர லாரி வந்தது. அதன் பெயரை நீங்கள் அறிவீர்கள்: மாஸ்டா. போர்க்காலத்தில் அதே தொழிற்சாலை ராணுவத்துக்குத் துப்பாக்கியும் செய்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

குண்டு விழுந்த இடத்திலிருந்து தொழிற்சாலை சுமார் 5 கிலோமீட்டர். நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்று தாக்குதலின் வேகத்தை வாங்கிக்கொண்டது. நகரம் சாம்பலானது, தொழிற்சாலை நின்றது. எஞ்சிய கூரையை அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

மாவட்ட அரசு அலுவலகம் தரைமட்டம். மேசையில்லை, காகிதமில்லை, உட்கார இடமில்லை. அந்த அலுவலகம் ஆகஸ்ட் மாதமே டோயோ கோக்யோவுக்குள் குடிபுகுந்தது. 1946 நடுப்பகுதிவரை அங்கேயே இயங்கியது. வானொலி நிலையமும் அங்கேதான் வந்தது. மகனைப் பறிகொடுத்த கிழவர், தம் இயந்திரங்கள் ஓடுவதற்கு முன்பே ஊரின் நிர்வாகம் நடக்க இடம் விட்டார், ஐயா! லாரி உற்பத்தி மீண்டும் தொடங்கியது டிசம்பரில்தான். நான்கே மாதம். வீடு கட்ட மரமும் சந்தைக்குக் காய்கறியும் ஏற்றிச் செல்ல அந்த எளிய வண்டிதான் ஊருக்குத் தேவைப்பட்டது.

1952இல் அவர் காலமானார். அதற்கு முன்பே பொறுப்பேற்ற மகன் சுனேஜியின் காலத்தில், 1957இல், உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டு நகரத்துக்கு பேஸ்பால் மைதானம் அமைத்துக் கொடுத்தன. அங்கே ஆடிய கார்ப் அணிக்குப் பெரு முதலாளி யாருமில்லை. ஒரு காலத்தில் மைதான வாசலில் பீப்பாய் வைத்து, ஏழை ஜனங்கள் போட்ட சில்லறையில் பிழைத்த அணி அது. பின்னாளில் சுனேஜி அதைத் தாங்கினார். 1975இல் அது முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆனால் வீரர்கள் ஆடியது ‘ஹிரோஷிமா டோயோ கார்ப்’ என்ற பெயரில்.