ஸ்மார்ட் மீட்டர்: எவ்வளவு, எப்போது, எங்கே

[திரையில்: மங்கிய வெளிச்சத்தில் ஒரு மீட்டர். சிவப்பு எல்ஈடி விட்டுவிட்டு மினுக்குகிறது.]

இந்தச் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மீட்டரின் முகப்பில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும்போது இந்த விளக்கு 3200 தடவை மினுக்கும் என்று அதற்குப் பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டரை மட்டும் போட்டால், 10 மினுக்கலுக்கு 11.25 விநாடி ஆகவேண்டும். முதல் மினுக்கலை 'பூஜ்யம்' என்று சொல்லி எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் கணக்கு பத்து சதவீதம் பிசகும். இன்னொன்றும் உண்டு. 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டர் 220 வோல்ட்டில் ஏறக்குறைய 915 வாட் மட்டுமே எடுக்கும். அந்த வித்தியாசத்துக்கு மீட்டரைக் குறை சொல்லக்கூடாது.

இதுவரை சொன்னது 'எவ்வளவு' என்ற கேள்விக்கான பதில். அலுமினியத் தட்டு சுழன்ற பழைய மீட்டருக்கும் இது தெரியும். ஸ்மார்ட் மீட்டர் இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது: எப்போது, எங்கே. மின்வலையத்துக்கு அதனால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. கோளாறுகளும் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன.

[திரையில்: மீட்டரின் மூடி கழன்று, உள் பாகங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

முதலில் உள்ளே பார்த்துவிடுவோம். கரண்டை அளக்கப் பல வீட்டு மீட்டர்களில் ஷன்ட் இருக்கும். அது மாங்கனின் என்ற உலோகக் கலவையாலான சின்னத் துண்டு. அதன் மின்தடை மிக மிகக் குறைவு. 250 மைக்ரோ ஓம் என்று எடுத்துக்கொள்வோம். 60 ஆம்பியர் போகும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவே கிடைப்பது 15 மில்லிவோல்ட். வெறும் 20 மில்லி ஆம்பியர் போகும்போது 5 மைக்ரோவோல்ட். ஒரே துண்டு, மூவாயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே சிப் சரியாகப் படித்தாக வேண்டும். வோல்டேஜை வரிசையாகக் கோத்த மின்தடைகள் சிறு அளவுக்கு இறக்கிக் கொடுக்கின்றன.

இந்த இரண்டு அலைகளையும் சிப் விநாடிக்குச் சில ஆயிரம் முறை அளக்கிறது. விநாடிக்கு 4000 என்றால், 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் 80 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகைகளின் சராசரியை எடுத்தால் உண்மையான வாட் கிடைக்கும். வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு ஒத்து ஓடுகின்றன என்று காட்டும் பவர் ஃபேக்டருக்குத் தனிக் கணக்கு வேண்டாம், அது இதற்குள்ளேயே வந்துவிடும்.

எல்லா மீட்டரிலும் ஷன்ட் இருக்காது. சிலவற்றில் பெரிய கரண்டைச் சிறிதாக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது சிடி. சிலவற்றில் இரும்பு உள்ளகம் இல்லாத ரோகோவ்ஸ்கி சுருள். சிடியின் இரும்பு உள்ளகம் வலுவான காந்தத்தின் அருகே செறிவடைந்து, அதாவது அதற்குமேல் காந்தமேற முடியாமல், தப்பாகக் காட்டலாம். ஷன்ட்டுக்கும் ரோகோவ்ஸ்கி சுருளுக்கும் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ரோகோவ்ஸ்கி சுருளுக்கு வேறொரு குணம்: அது கரண்டைத் தராது, கரண்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத் தரும். டிம்மரில் ஓடும் எல்ஈடி விளக்குகள் போன்றவை கரண்டைக் கூரிய முட்களைப் போல இழுக்கும்போது, அந்த வேகம் எக்கச்சக்கமாக எகிறும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 மின்னணு மீட்டர்களை இப்படிப்பட்ட லோடுகளோடு சோதித்தார்கள். 5 மீட்டர்கள் கூடுதலாகக் காட்டின. மிக மோசமான அளவீடு உண்மையைவிட 582 சதவீதம் அதிகம். வேறு சில 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டின. 2017-இல் இது பெரிய விவாதமானது. ஆய்வுக்கூடத்தில் செய்த கடுமையான சோதனை அது. எல்லா வீட்டு பில்லும் இப்படித்தான் என்று கொள்ளக்கூடாது. ஆனால் சீரான சைன் அலையில் மட்டும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் போதாது என்பதை அது நன்றாகவே காட்டிவிட்டது.

[திரையில்: பெரிய கட்டடத்தின் மீட்டர் பெட்டி. மூன்று சிடிகள், மூன்று நிற வயர்கள்.]

வீட்டு மீட்டரில் அளவு பிழைப்பது அபூர்வம். பெரிய இணைப்புகளில் நிலைமை வேறு. அங்கே மீட்டர் சரியாகவே இருக்கும், பொருத்தியதில் பிழை இருக்கும். 200-க்கு 5 என்ற சிடி, அதாவது 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைப்பது என்றால், பெருக்கல் எண் 40. கணினியில் 20 என்று பதிந்துவிட்டால் பாதிதான் கணக்கில் ஏறும், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருக்கும்போது ஒரு சிடி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால், ஒன்று கூட்டல் ஒன்று கழித்தல் ஒன்று. ஆக மூன்றில் ஒரு பங்கே பதிவாகும். வேலை செய்யும்போது பாதுகாப்புக்காகச் சிடியின் இரு முனைகளையும் இணைத்துவைக்கும் ஷார்ட்டிங் இணைப்பை, வேலை முடிந்தபின் ஒரு ஃபேஸில் திறக்க மறந்தால் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே, வேலையை முடித்துக் கிளம்பும் முன் லோடு ஓடும்போதே ஒவ்வொரு ஃபேஸின் வாட்டையும் தனித்தனியாகத் திரையில் பாருங்கள். மூன்றும் கூட்டல் குறியோடு, கிளாம்ப் மீட்டர் காட்டும் கரண்டுக்கு ஒத்து இருக்கவேண்டும். சோலார் இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கரண்ட் ஓடும்போது சிடியிலிருந்து மீட்டருக்கு வரும் செகண்டரி வயரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். திறந்த முனையில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் ஏறும்.

அடுத்தது, எப்போது.

மாதம் ஒரு ரீடிங் என்றால் வருடத்துக்கு 12 எண்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 96, வருடத்துக்கு 35,040. இந்த எண்களுக்கு மதிப்பு வரவேண்டுமானால் மீட்டரின் கடிகாரம் சரியாக ஓடவேண்டும். உள்ளே இருப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம், கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போலவே. அது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளைக்கு 1.7 விநாடி, வருடத்தில் பத்து நிமிடத்துக்கும் மேல். இந்தப் படிகம் சுமார் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து சூடேறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயிலில் காயும் பெட்டிக்குள் 60 டிகிரி இருந்தால் நாளைக்கு மூன்றரை விநாடி பின்தங்கலாம். நல்ல மீட்டர் வெப்பநிலையை அளந்து இதைத் திருத்திக்கொள்ளும். கூடவே மையக் கணினியும் அடிக்கடி நேரத்தைச் சரிசெய்கிறது. சின்னப் பிழை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்தவேண்டும். ஒரேயடியாகப் பத்து நிமிடம் முன்னே தள்ளிவைத்தால் ஒரு இடைவெளி குட்டையாகும், பின்னே தள்ளிவைத்தால் ஒரே நேரம் இரண்டு முறை வரும்.

[திரையில்: மீட்டர்களிலிருந்து கம்பத்துக்கும், அங்கிருந்து மையத்துக்கும் செல்லும் புள்ளிக்கோடுகள்.]

எண்கள் மையத்துக்குப் போகப் பொதுவாக மூன்று வழிகள். முதல் வழி ரேடியோ மெஷ்: ஒரு மீட்டர் பக்கத்து மீட்டரிடம் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்கும். இரண்டாவது செல்பேசி வலையமைப்பு. மூன்றாவது மின்கம்பியையே பாதையாகக் கொள்ளும் பிஎல்சி. இத்தாலியில் 2001-இல் தொடங்கி 3 கோடிக்கும் மேற்பட்ட மீட்டர்களை இணைத்தது இந்த வழிதான். பிஎல்சி சமிக்ஞை டிரான்ஸ்ஃபார்மரை எளிதில் தாண்டாது. அதனால் தரவைத் திரட்டும் கருவியை டிரான்ஸ்ஃபார்மரடியிலேயே வைப்பார்கள். மட்டமான சார்ஜரும் சோலார் இன்வெர்ட்டரும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். மாலையில் மட்டும் ஒரு தெரு முழுக்கத் தொடர்பு அறுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். ரேடியோவுக்கு எமன் இரும்புப் பெட்டியும் நிலத்தடித் தளமும்; அங்கே ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும்.

தொடர்பு அறுந்தாலும் ரீடிங் தொலையாது. மீட்டர் பல வாரக் கணக்கைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்பும். ஆனால் மையத்தில் ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்: பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு. பூஜ்யம் என்றால் மின்சாரம் செலவாகவில்லை. வெற்றிடம் என்றால் நமக்கு இன்னும் செய்தி வரவில்லை. இரண்டையும் குழப்பும் மென்பொருள், ஆள் இருக்கும் வீட்டைப் பூட்டிய வீடாக்கிவிடும். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு நாளின் இடைவெளிகள் எல்லாவற்றையும் கூட்டினால், நாளின் தொடக்க ரீடிங்குக்கும் முடிவு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது, அல்லது பெருக்கல் எண் ஓரிடத்தில் பெருக்கப்படாமல் நின்றிருக்கிறது.

[திரையில்: ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் அதிலிருந்து கிளைக்கும் வீடுகளும். ஒரு வீடு மட்டும் வேறு நிறத்தில்.]

மூன்றாவது கேள்வி, எங்கே. எந்த மீட்டர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில், எந்த ஃபேஸில் தொங்குகிறது? இது ஏட்டில் இருக்கும். ஆனால் பழுது பார்க்கும்போது இணைப்பை மாற்றிவிட்டு ஏட்டைத் திருத்தாமல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் வைத்து, அரை மணியில் அது 42 யூனிட் காட்டுகிறது, வீடுகளின் மொத்தம் 39.9 என்றால் இழப்பு 5 சதவீதம். சில டிரான்ஸ்ஃபார்மர்களில் இழப்பு கழித்தலில் வரும், அதாவது அனுப்பியதைவிட வாங்கியது அதிகம்! இயற்கையில் அப்படி நடக்க வழியில்லை. கடிகாரங்கள் ஒத்திருந்தும் அப்படி வந்தால், பெரும்பாலும் அங்கே எழுதப்பட்ட ஒரு வீடு உண்மையில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும். அப்படியானால் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் அதே அளவு இழப்பு கூடுதலாக நிற்கும். இதைச் சரிசெய்யாமல் மின்திருட்டு என்று ஆளை அனுப்பினால் வீண் அலைச்சல், குற்றமற்றவர்மேல் வீண் பழியும்கூட.

ஏடு சரியான பிறகு இழப்பின் வடிவத்தைப் பாருங்கள். கம்பி சூடாவதால் வரும் இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது: லோடு இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. உச்ச நேரத்தில் பெருத்து, பின்னிரவில் மெலியவேண்டும். அதிகாலை மூன்று மணிக்கும் அதே கிலோவாட் இழப்பு நிற்கிறதென்றால், மீட்டர் இல்லாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. திருட்டு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், கணக்கில் சேராத தெருவிளக்காகவும் இருக்கலாம்.

ஃபேஸைக் கண்டுபிடிக்க வோல்டேஜே போதும். ஒரே ஃபேஸில் உள்ள வீடுகளின் வோல்டேஜ் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சில வார வரைபடங்களை ஒப்பிட்டால் வீடுகள் தாமாகவே மூன்று கூட்டமாகப் பிரியும்.

வோல்டேஜிலிருந்து கிடைக்கும் இன்னொரு செய்தி உயிரைக் காப்பது. ஒரு வீட்டில் கரண்ட் 20 ஆம்பியர் கூடும்போது வோல்டேஜ் 240-லிருந்து 228-க்கு இறங்குகிறது. 12-ஐ 20-ஆல் வகுத்தால் 0.6 ஓம். அக்கம்பக்கத்து வீடுகளில் இது 0.25 என்றால், கூடுதலான 0.35 ஓம் ஏதோ ஒரு மூட்டில் ஒளிந்திருக்கிறது. 20 ஆம்பியரில் அந்த ஒரு மூட்டில் மட்டும் 140 வாட் வெப்பம். டெர்மினல் திருகு தளர்ந்திருக்கலாம், நியூட்ரல் அரித்திருக்கலாம். தீப்பிடிக்கும் முன்பே இதை ரீடிங்கில் பார்த்துவிட முடியும் என்பதற்காகவே வோல்டேஜையும் கரண்டையும் சேகரிக்கவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம். பல இடங்களில் யூனிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றைத் தூக்கியெறிந்துவிடுகிறார்கள்.

மின்தடை நேரும்போது மீட்டர் கடைசி மூச்சாக ஒரு செய்தி அனுப்பும். உள்ளே உள்ள சூப்பர் கெபாசிட்டரின் சக்தி தீர்வதற்குள் அனுப்பியாக வேண்டும். எல்லாச் செய்தியும் போய்ச் சேராது. எல்லாரும் ஒரே நேரத்தில் கூவுவதால் மோதிக்கொள்ளும், மெஷ்ஷில் பக்கத்து மீட்டரும் செத்திருக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நாலைந்து வந்தால் இடம் தெரிந்துவிடும். ஏடு தப்பாக இருந்தால் அதுவும் தப்பான கம்பத்துக்குத்தான் ஆளை அனுப்பும்.

சோலார் வீடுகளில் ஒரு நுணுக்கம். ஒரு ஃபேஸ் 2 கிலோவாட் வெளியே தருகிறது, இன்னொன்று 2 கிலோவாட் உள்ளே இழுக்கிறது. மூன்று ஃபேஸையும் கூட்டிப் பதியும் மீட்டருக்கு இது பூஜ்யம். ஃபேஸ்வாரியாகப் பதியும் மீட்டருக்கு இரண்டு பக்கமும் 2. பில் வேறுபடும். வாங்கும் முன்பே உங்கள் மீட்டர் எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

[திரையில்: ரிலேயின் தொடர்புமுனைகள் திறந்து மூடுகின்றன.]

கடைசியாக, தூரத்திலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே. மீட்டரிலேயே மிகக் கவனமாகக் கையாளவேண்டிய பாகம் இது. செய்திகளைப் பொதுவாக ஏஇஎஸ்-128 என்ற மறையாக்க முறையில் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் தனிச் சாவி இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் ஒன்றை உடைத்தவர் எல்லாவற்றையும் திறப்பார். ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு; பழைய கட்டளையைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பினால் மீட்டர் அதை ஒதுக்கிவிடும். இதற்கும் மேலே, ஒரு மணி நேரத்தில் இத்தனை துண்டிப்புக்கு மேல் கூடாது என்று மையத்தில் ஒரு தடுப்பு வேண்டும். லட்சம் வீடுகளை ஒரே கணத்தில் வெட்டினால் வலையத்தின் ஃப்ரீக்வென்சியே ஆடிப்போகும்.

துண்டித்ததைத் திரும்ப இணைக்கும்போது பல மீட்டர்கள் ரிலேயை உடனே மூடாது. வீட்டிலிருப்பவர் வந்து மீட்டரின் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். துண்டித்தபோது அடுப்பில் சுவிட்சைப் போட்டபடியே யாராவது வெளியூர் போயிருக்கலாம் அல்லவா?