கல்நார் வழக்கில் முதல் சாட்சி, நீங்கள் எழுதும் வேலை வரலாறு

நேயர்களுக்கு வணக்கம். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் உடனே தெரியாது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஆலை மூடியிருக்கும், பதிவேடுகள் அழிந்திருக்கும். தொழிலாளி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், முதலாளி தரப்புக்கு இதுவே பெரிய பலம்.

மருத்துவச் சான்று நோயை நிரூபிக்கும். அந்த ஆலையில் தூசி உள்ளே போனது என்பதைத் தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும். "பாய்லர் பிரிவில் 10 ஆண்டு வேலை பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. நீராவிக் குழாயின் ஃபிளாஞ்சை (குழாய்களை இணைக்கும் விளிம்பு வளையத்தை) கழற்றி, அங்கே ஒட்டிப்போன கல்நார் கேஸ்கெட்டைக் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகட்டை) கம்பி பிரஷ்ஷால் சுரண்டினீர்களா? வாரத்துக்கு எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு நேரம்? உதிர்ந்த தூளைப் பெருக்கினார்களா, காற்றடித்து ஊதினார்களா? முகமூடி தந்தார்களா, அது வெறும் துணியா? கேஸ்கெட் வந்த பெட்டியில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தது? இவ்வளவும் வேண்டும்.

காரணம் இருக்கிறது. 1997இல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள், நுரையீரல் புற்றுநோய் அபாயம் இரட்டிப்பாவதற்கு 25 'இழை-ஆண்டு' என்ற அளவை வைத்தார்கள். காற்றிலிருந்த கல்நார் இழைகளின் அளவை வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது அது. ஒரு மில்லிலிட்டர் காற்றில் 2.5 இழை, 10 ஆண்டு வேலை என்றால் 25 வந்துவிடும். காற்றை அன்று யாரும் அளக்காதபோது, நீங்கள் சொல்லும் மணிக்கணக்கை வைத்துத்தான் தொழில் சுகாதார நிபுணர் மதிப்பிடுவார்.

அடுத்து, கூட வேலை பார்த்தவர்கள். உடல்நலம் குன்றியவரின் வாக்குமூலத்தை முதலில் பதிவு செய்யுங்கள். அவரவர் சொந்தச் சொல்லிலேயே இருக்கட்டும்; ஒரே வாசகத்தில் ஐந்து பேர் கையெழுத்திட்டால் ஐந்துமே சந்தேகத்துக்குள்ளாகும். கொள்முதல் ரசீது, பராமரிப்புப் பதிவேடு, ஆய்வாளர் குறிப்பு ஆகியவற்றை அழிக்கக் கூடாது என்று வக்கீல் மூலம் உடனே நோட்டீஸ் அனுப்புங்கள்.

"புகைபிடித்தார், அதனால்தான் வந்தது" என்பார்கள். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமே அல்ல. நுரையீரல் புற்றுநோயில் புகையும் கல்நாரும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. ஆகவே அந்த வாதம் முதலாளியை விடுவித்துவிடாது. நுரையீரலில் இழை காணவில்லை என்ற வாதமும் அப்படியே: வெள்ளைக் கல்நார் இழை மற்ற வகைகளைவிடச் சீக்கிரம் கரைந்து வெளியேறும்.

வழக்குத் தொடுக்கும் காலக்கெடு பல நாடுகளில் நோயும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அந்தத் தேதியிட்ட மருத்துவ அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்காக உடலிலிருந்து எடுத்த பயாப்சித் திசுவை அழிக்க வேண்டாமென்று மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுங்கள்.