காலிக் கட்டங்களில் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவம் படித்தாயிற்று, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தாயிற்று, அதற்கப்புறமும் இரண்டு மூன்று வருடம் அப்படி என்னதான் படிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. போஸ்ட்டாக் என்று நாங்கள் சொல்லும் அந்த வருடங்களை நான் மனநல நோய்ப்பரவலியலிலும் உயிரிப்புள்ளியியலிலும் கழித்தேன். மனநோய் யாருக்கு வருகிறது, எவ்வளவு பேருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஒரு மக்கள்தொகை முழுவதையும் வைத்துப் பார்ப்பது முதல் துறை. அந்தக் கணக்கில் நாமே ஏமாந்துவிடாமல் காப்பாற்றுவது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், கையில் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் 10 பேருக்கு ஒரு மனநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 பேருக்கு ஒரே மாதத்தில் சரியாகிவிடுகிறது, ஒருவருக்கு மட்டும் 5 வருடம் இழுக்கிறது. இது இப்படியே பல வருடம் நடக்கிறது. ஏதோ ஒரு நாள் போய், இன்றைக்கு இந்த நோயோடு இருப்பவர்கள் யார் யார் என்று எண்ணினால், சீக்கிரம் குணமாகிறவர்கள் 9 பேர்தான் இருப்பார்கள், நாள்பட்டவர்களோ மாதம் ஒருவராகச் சேர்ந்து சேர்ந்து 60 பேர் ஆகியிருப்பார்கள். இந்த 69 பேரைப் பார்க்கிற மருத்துவர், இது வந்தால் லேசில் போகாத நோய் என்றுதானே நினைப்பார்? குணமாகிப் போனவர்கள் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். 1984-இல் பட்ரீசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மருத்துவரின் பிரமை என்றே பெயர் வைத்து எழுதினார்கள். நான் மருத்துவராக இருந்து இந்தப் பக்கம் வந்தவள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு, அதுவரை எத்தனை குடும்பங்களிடம் அவநம்பிக்கையாகப் பேசியிருப்பேன் என்று நினைத்து மனசு கனத்துப் போயிற்று.

சரி, எண்ணுவதற்கு முன்னால் யாரை நோயாளி என்று எண்ணுவது? சர்க்கரை நோய்க்கு ரத்தத்தைப் பார்த்துவிடலாம், மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் லண்டனைவிட மிக அதிகமானவர்களுக்கு மனச்சிதைவு என்று எழுதினார்கள். ஒரே குழு, ஒரே மாதிரியான நேர்காணலை வைத்து இரண்டு ஊர் நோயாளிகளையும் பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. வித்தியாசம் பெரும்பாலும் மருத்துவர்களின் பழக்கத்தில்தான் இருந்தது.

அதனால் பயிற்சியில் ஒரே நேர்காணலின் வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுவோம், அப்புறம் உட்கார்ந்து சண்டை போடுவோம். அவருக்குத் தூக்கம் கெட்டது மனச்சோர்வினாலா, இரவு வேலையினாலா? 100-க்கு 90 இடத்தில் ஒத்துப்போனோம் என்று ஒரு தடவை சந்தோஷப்பட்டேன். ஆனால் இருவரும் 100 பேரில் கண்ணை மூடிக்கொண்டு 5 பேருக்கு நோய் என்று குறித்தாலே, மற்றவர்களில் பெரும்பாலோரை இருவருமே நோயில்லை என்று விட்டிருப்பார்கள், சராசரியாக 90 இடத்துக்கு மேல் ஒத்துப்போய்விடும்! தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்ப்பதற்கான கப்பா என்ற அளவை 1960-இல் கொடுத்தவரும் அதே ஜேக்கப் கோஹன்தான்.

இந்தப் பயிற்சிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களை மருத்துவரோடும் புள்ளியியலாளரோடும் ஒரே மேஜையில், முதல் நாளிலிருந்தே உட்கார வைப்பார்களா என்று கேளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கணக்குப் போட மட்டும் ஆளைக் கூப்பிடுகிற இடம் என்றால் வேண்டாம். புள்ளியியலிலிருந்து வருகிறவர்கள் சில நாளாவது நோயாளியிடம் கேள்வி கேட்கும் அறையில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எனக்கு அப்படி ஒரு வழிகாட்டி வாய்த்தார். மனச்சோர்வு பற்றி 9 கேள்விகள் உள்ள படிவம், மொத்தம் 27 மதிப்பெண், மதிப்பெண் கூடினால் சோர்வும் கூடுதல் என்று அர்த்தம், ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே கேள்விகள். இரண்டாம் சுற்றில் சராசரி குறைந்திருந்தது, எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று ஓடிப் போய்க் காட்டினேன். அவர் சராசரியைப் பார்க்கவே இல்லை. அட்டவணையில் ஆங்காங்கே வெறுமையாகக் கிடந்த கட்டங்களின் மேல் விரலை வைத்து, "இவங்க எல்லாம் யாரும்மா?" என்றார். இரண்டாம் தடவை வராதவர்கள். அவர்களுடைய முதல் சுற்று மதிப்பெண்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம், வந்தவர்களைவிட அதிகம். நான் பார்த்த தேற்றத்தில் ஒரு பங்கு, மிகவும் வாடியிருந்தவர்கள் வராமல் போனதால் வந்தது.

விடுபட்ட தரவை ஈடுசெய்ய நல்ல முறைகள் உண்டு, அவற்றையும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒருவர் வராததற்கு அவருடைய இன்றைய நோயே காரணம் என்றால், கையில் இருக்கிற எண்களை மட்டும் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது, இப்படியிருந்தால் என்ன, அப்படியிருந்தால் என்ன என்று ஊகங்களை மாற்றி மாற்றிப் போட்டு முடிவு நிற்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். அதைச் செய்வதற்கு முன்னால் வழிகாட்டி என் கையில், வராதவர்களின் தொலைபேசி எண்களைக் கொடுத்தார். மூன்று வாரம், சாயங்கால வேளைகளில் கூப்பிட்டேன். பல எண்கள் மாறியிருந்தன. ஒரு பெண்மணி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, குளித்துப் பல நாளாயிற்று, அதனால்தான் வரவில்லை என்றார். உடனே உதவிக்கு ஏற்பாடு செய்தோம். இரண்டு நாள் கழித்து, அவர் சம்மதத்தோடு, படிவத்தை எடுத்துக்கொண்டு நாங்களே அவர் வீட்டுக்குப் போனோம்.