வலிக்காத பாதம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களை ஒட்டியிருக்கும் எங்கள் சிறிய மருத்துவமனையில் 36 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இப்போது அதன் ஆதரவாளர் குழுவில் இருக்கிறேன். மருத்துவமனைச் செய்திகளையும் உடல்நலம் பற்றிய சில தகவல்களையும் 15 நிமிடத்தில் சொல்லும்படி வானொலியார் கேட்டிருக்கிறார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு, என் பணிக்காலம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

இரவுப் பணியில் 34 ஆண்டுகள் இருந்த எங்கள் மூத்த சிஸ்டர் சென்ற மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு தூக்கிவரப்பட்ட எத்தனையோ பேர், அவர் குரலைக் கேட்டதுமே பாதி தெளிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய இடத்துக்கு அவரிடமே வேலை பழகிய ஒருவர் வந்திருப்பதில் எங்களுக்கு நிம்மதி.

மருந்தகத்துக்கு எஷோவேயிலிருந்து ஓர் இளைஞர் வந்திருக்கிறார். அவருடைய தாய்மொழி ஜூலு. வந்த இரண்டாம் வாரமே ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்து, ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’, ‘வெறும் வயிற்றில்’, ‘பாதி மாத்திரை’ ஆகிய நான்கையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் இன்றும் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. “சாப்பாட்டுக்குப் பின், ஆயா” என்று அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் விழித்துக்கொண்டிருந்த நம் பாட்டிமார்கள் இப்போது திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள்.

இந்த மண்ணில் இது புதிய வழக்கமன்று. 1890களின் பிற்பகுதியில் டர்பனில், வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் கொடையால் டாக்டர் பூத் ஒரு சிறிய தரும மருத்துவமனையை நடத்தினார். அங்கே காந்தியடிகள் தினமும் ஒன்று இரண்டு மணி நேரம் செய்த வேலையும் இதுதான்: நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது, மருத்துவர் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுப்பது. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் வடநாட்டவர்களும் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். அதற்குச் சற்று முன்பு, தம் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு தொழுநோயாளியைச் சோறு மட்டும் போட்டு அனுப்பிவிட மனமில்லாமல், தங்கவைத்து, புண்ணைக் கழுவிக் கட்டியதையும் எழுதியிருக்கிறார். அந்தத் தொழுநோயாளியின் புண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் அதற்குத் திரும்பி வருவேன்.

மருத்துவர்களைப் பொறுத்தவரை, சமூக சேவை ஆண்டுக்காக இளம் மருத்துவர்கள் மூவர் வந்திருக்கிறார்கள். 1998 முதல் நம் தென்னாப்பிரிக்காவில் படித்து வெளிவரும் மருத்துவர்கள் இப்படி ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்பது சட்டம். “முகம் பழகுவதற்குள் போய்விடுகிறார்களே” என்று நீங்கள் வருந்துவது எனக்குத் தெரியும். எனக்கும் அதே வருத்தம்தான். ஆகவே உங்கள் நோய்க் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு வாருங்கள். மருத்துவர் மாறினாலும் அந்த ஏடு மாறாது.

பாதங்களுக்கென்று தனி மருத்துவர் எங்களிடம் இல்லை. அந்தக் குறையை எங்கள் செவிலியர் ஒருவர் தாமே ஏற்றுக்கொண்டு, புண் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்று வந்து, பழைய துணி அறையைக் காலி செய்து ஒரு பாத அறையைத் தொடங்கியிருக்கிறார். வியாழக்கிழமை தோறும் காலை 8 மணிக்குத் திறக்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மணை, ஒரு விளக்கு, பிடி போட்ட ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். அந்த இழையைப் பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்தினால் விழும் கனம் 10 கிராம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடுவது தெரியும்போதெல்லாம் “ஆம்” என்று சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நெடுநாளாகத் தெரிந்த ஓர் அம்மையார், கோயிலில் பிரசாதம் சமைப்பவர், கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். செவிலியர் வலது பாதத்தில் பெருவிரல், சிறுவிரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேடு என்று ஏழு இடங்களில் இழையை வைத்து எடுத்துவிட்டார். அம்மையார் பேசாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து, கண்ணைத் திறக்காமலேயே, “எப்போது தொடங்கப் போகிறாய், மகளே?” என்று கேட்டார்.

நேயர்களே, நான் பேச வந்த விஷயம் இதுதான். வலிக்கிற காலைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. வலிக்கிற காலை அதற்குரியவரே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வலிக்காத காலைத்தான் நாம் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்புகள் முதலில் கெடும். நம் உடம்பில் மிக நீளமானவை பாதத்துக்குப் போகும் நரம்புகள். தொடக்கத்தில் எரிச்சல் இருக்கும், ஊசி குத்துவது போல் இருக்கும், இரவில் போர்வை பட்டாலே தாங்காது. பிறகு ஒரு நாள் அந்த எரிச்சல் தானாக அடங்கும். அடங்கியதும், “எண்ணெய் தேய்த்தேன், சரியாகிவிட்டது” என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பல வீடுகளில் ஆபத்து தொடங்குவது அந்த மகிழ்ச்சியான நாளில்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவளல்லள். என் தகப்பனார் சர்க்கரை ஆலையில் கொதிகலன் அருகே வேலை பார்த்தவர். 22 தைப்பூசங்கள் தொடர்ந்து காவடி எடுத்தவர். நான் செவிலியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, தைப்பூசம் கழிந்து ஒன்பதாம் நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. அந்த வாடையை நான் வார்டில் அறிந்திருந்தேன். அப்பாவின் காலுறையைக் கழற்றப் போனால் அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்து மெதுவாக உரித்தேன். பெருவிரலுக்குக் கீழே, கறுத்துப்போன ஒரு வட்டத்தின் நடுவே, பந்தலில் துணி அடிக்கும் சின்ன ஆணி ஒன்று தலைவரை ஏறியிருந்தது. ஒன்பது நாள் அதன்மேல் நடந்து ஆலைக்குப் போய் வந்திருக்கிறார்.

“வலிக்கவில்லையா, அப்பா?” என்றேன். “வலித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா, அம்மா?” என்றார்.

அன்று நாங்கள் அழைத்துப் போன பெரிய மருத்துவமனையில் ஆணியை எடுத்து, கட்டுப் போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை; பயிற்சி மாணவியாக இருந்த நானும் வாய் திறந்து கேட்கவில்லை. முதலில் பெருவிரல் போயிற்று. நான்கு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒவ்வொரு தைப்பூசத்திலும் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காவடி இறக்கி வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, “தம்பி, உள்ளங்காலைக் காட்டு” என்பார். சிலர் அவசரத்தில் நழுவுவார்கள். விடமாட்டார்.

தொழுநோயாளியின் புண்ணுக்குத் திரும்பி வருகிறேன் என்றேன் அல்லவா? பால் பிராண்ட் என்று ஓர் அறுவை மருத்துவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கித் திருப்பினான், பூட்டு திறந்துகொண்டது. இந்தச் சிறுவனுக்கு இவ்வளவு பலமா என்று அவர் வியந்து நின்றபோது தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நம் கையில் சாவி அழுத்தினால் வலி “போதும், நிறுத்து” என்று சொல்லிவிடும். அவனுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. விரல்களும் பாதங்களும் அழிவதற்குக் காரணம், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் சேரும் கிருமியும்தான் என்று அவர் கண்டுகொண்டது அந்த வேலூர்க் காலத்தில்தான். பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போனபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே கதை நடப்பதைக் கண்டு, வேலூரில் கற்றதை அங்கே பயன்படுத்தினார். இந்தக் கதையை நான் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு செவிலியருக்கும் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

இனிக் காவடி. தமிழ்நாட்டில் தை பனிக்காலம். நமக்குத் தை கடுங்கோடை. ஜனவரி, பிப்ரவரி மாத உச்சி வெயிலில் தார்ச்சாலையின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். உணர்ச்சியுள்ள பாதம் துள்ளி ஓரத்துப் புல்லுக்கு ஓடும். உணர்ச்சியற்ற பாதம் அங்கேயே நின்று வேகும். முருகனுக்கு வேண்டிக்கொண்டதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் யார்? என் தகப்பனார் கால் போன பிறகும் அந்த வேண்டுதலைக் குறை சொன்னதில்லை. நான் கேட்பதெல்லாம் இதுதான். விரதம் தொடங்கும் முன்பே ஒரு வியாழக்கிழமை வந்து பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், காலணியோடு நடக்கலாமா, வெயிலுக்கு முன் கோயில் வளாகத்துக்குள்ளேயே காவடி எடுத்து முடிக்கலாமா என்று குருக்களிடம் மனம் விட்டுக் கேளுங்கள். எங்கள் ஊர்க் குருக்கள் மறுத்ததில்லை. தீமிதிப்பவர்களும் தங்கள் கோயிலில் இதே போலக் கேட்க வேண்டும்.

காவடி எடுப்பவரின் காலில் மஞ்சள் நீர் ஊற்றுவது நம் வழக்கம். ஊற்றும் தாய்மார்களே, ஊற்றிவிட்டு நிமிர்ந்துவிடாதீர்கள். பாதத்தைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு எங்கள் செவிலியர் இருவர் அந்த மஞ்சள் நீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். துணியில் மஞ்சளோடு சிவப்பும் ஒட்டியபோதுதான், தமக்குக் காயம் பட்டிருப்பது பலருக்குத் தெரிந்தது. இந்த ஆண்டும் அவர்கள் இருப்பார்கள்.

திருவிழா நாளில் மட்டுமன்று, தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலணிக்குள் கால் விடுமுன் கையை விட்டுத் தடவுங்கள்; உள்ளே ஒரு கல்லோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோ கிடக்கலாம். நாம் ஸ்லாப்ஸ் என்று சொல்லும் ரப்பர்ச் செருப்பு வீட்டுக்குள் நடக்கப் போதும். கரும்புக்காட்டுப் பாதைக்கும் சந்தைக்கும் மூடிய காலணி வேண்டும். புதுக் காலணியை மாலையில் வாங்குங்கள். அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். குளிர்காலத்தில் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் வேண்டாம். அதைப் பாத அறையில் செய்துவிடுவார்கள். மறுபடியும் சொல்கிறேன்: தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதமிருப்பவற்றை விரைவாகச் சொல்கிறேன். புரட்டாசி விரதமும் கந்த சஷ்டி விரதமும் இருப்பவர்கள் சர்க்கரை நோய் மாத்திரையைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மின்சாரம் நிற்கும்போது இன்சுலினை உறைபெட்டியில் வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் அது பயன்படாது. பிரித்துப் பயன்படுத்தும் குப்பி, வெயில் படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். தட்டம்மைத் தடுப்பூசி 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும் போட வேண்டும். வேப்பிலை கட்டி அம்மனை வணங்கும் வீட்டார், காய்ச்சல் கண்ட குழந்தையை எங்களிடமும் காட்டுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. பாத அறை வியாழக்கிழமை காலை 8 மணிக்கு, பின்வாசல் வழியாக, மருந்தகத்துக்கு அடுத்த கதவு. தினமும் போடும் காலணியையே போட்டுக்கொண்டு வாருங்கள். செவிலியர் அதன் உட்பக்கத்தையும் பார்ப்பார். வணக்கம்.